பெடல் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கிளிஃப் பர்ட்டன்

உங்கள்ல பாஸ் கிதார் வாசிக்கிறவங்க எத்தனை பேர்னு தெரியல. ஒரு காலேஜ் பேண்டுக்கு ஒருத்தர்தான் தேறுவார், அவரையும் மேடைல ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்க வச்சிருப்பாங்க. அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா, இந்நேரம் ஒரு மல்ட்டி-எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கணும்னு ஆசை வந்திருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ஜூம், பாஸ், லைன் சிக்ஸ்னு டேபிள் போட்டு, எதுல எத்தனை எஃபெக்ட் இருக்குன்னு எண்ணிட்டு இருப்பீங்க. (பாஸ்ங்கிறது கம்பெனி பேராவும் இருக்கு, வாத்தியத்தோட பேராவும் இருக்கு. தமிழ்ல எழுதுறப்ப இந்தக் குழப்பம் தீராது, பொறுத்துக்கோங்க. கம்பெனியை இனிமே பாஸ் கம்பெனின்னே சொல்றேன்.)

நானும் எண்ணினவன்தான். மூணாவது வருஷம் ஒரு கல்ச்சுரல்ஸுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட கிதாருக்கான மல்ட்டி-எஃபெக்ட்ஸ் ஒண்ணைக் கடன் வாங்கிட்டுப் போனேன். ரூம்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டப்போ ஃபஸ் பேட்ச் சிங்கம் மாதிரி உறுமுச்சு. மேடைல அதே பேட்சை மிதிச்சதும் நான் காணாமப் போயிட்டேன். டிரம்ஸ் கேட்குது, ரெண்டு கிதாரும் கேட்குது, பாஸ் மட்டும் எங்கயோ தேனீ பறக்குற மாதிரி கேட்குது. இறங்கி வந்ததும் ஜூனியர் ஒருத்தன், அண்ணா உங்க கேபிள் கழண்டுடுச்சான்னு அக்கறையா விசாரிச்சான்.

ஏன் அப்படி ஆச்சுன்னு தேடப் போய்த்தான் கிளிஃப் பர்ட்டன் கிட்ட வந்து சேர்ந்தேன். மெட்டாலிக்கா பேண்டோட பாஸிஸ்ட். 24 வயசுல இறந்துட்டார், 1986ல. நம்மள்ல யாரும் அப்போ பிறக்கவே இல்ல. பாஸ்ல எஃபெக்ட் போடறதைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் இவர் பேரைத் தாண்டிப் போக முடியாது. பெடல் லிஸ்டை ஓரமா வச்சிட்டு இவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கலாம், லிஸ்டுக்குத் திரும்பி வருவோம்.

கிளிஃப் 1962 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், காஸ்ட்ரோ வேலி என்ற ஊரில் பிறந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிற அமைதியான ஊர். அப்பா ரே, அம்மா ஜேன், ஒரு அண்ணன் ஸ்காட், ஒரு அக்கா கானி. வீட்டில் அப்பா மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பார். கடைக்குட்டி கிளிஃப் சின்ன வயசில் பியானோ கற்றுக்கொண்டார். அதுவரைக்கும் எல்லா வீட்டையும் போல ஒரு வீடுதான்.

1975 மே மாதம் ஸ்காட் இறந்துபோனார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடித்துவிட்டது. ஸ்காட்டுக்கு வயசு 16, கிளிஃபுக்கு 13. அதற்குப் பிறகுதான் கிளிஃப் பாஸை சீரியஸாக எடுத்தார். அண்ணனுக்காக உலகத்திலேயே சிறந்த பாஸிஸ்ட் ஆகப் போகிறேன் என்று அவர் சொன்னதாகப் பெற்றோர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 13 வயசுப் பையன் சொன்னதை நீங்களும் நானும் பெரிசா எடுத்துக்க மாட்டோம். அதுக்கப்புறம் அவர் தினமும் நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரை வாசித்தார். மெட்டாலிக்காவில் சேர்ந்து பேர் வாங்கின பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. எனக்கு இந்த ஆறு மணி நேரக் கணக்கு முதல்ல நம்பும்படியா இல்ல. அவரோட சோலோக்களைக் கேட்ட பிறகு சந்தேகம் போயிடுச்சு.

ஆசிரியரிடமும் முறையாகப் படித்தார். அங்கே போய்ச் சேர்ந்தது பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரிடம். 18-ஆம் நூற்றாண்டுக்காரரான பாக்கின் இசையில் ரெண்டு மூணு மெட்டுகள் ஒரே சமயத்தில் தனித்தனியாக நடக்கும், ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். கீழ்ஸ்வரத்தில் போகிற மெட்டு மேலே போகிறதுக்கு வேலைக்காரன் கிடையாது. இந்த விஷயம் கிளிஃப் மண்டையில் ஆழமா ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன். இன்னொரு பக்கம் பிளாக் சாபத் பேண்டின் கீஸர் பட்லர், ரஷ் பேண்டின் கெடி லீ, மோட்டர்ஹெட் பேண்டின் லெமி, ஜாஸ் பக்கத்திலிருந்து ஸ்டான்லி கிளார்க் என்று பாஸிஸ்ட்களாகக் கேட்டுத் தள்ளினார். 1970லேயே கீஸர் பட்லர் பாஸில் வா-வா பெடல் போட்டு ஒரு சோலோ வாசித்துவிட்டார். லெமி ஆம்ப்பை உச்சத்துக்கு ஏற்றி பாஸையே கிதார் மாதிரி கர்ஜிக்க விட்டவர். இவங்களைத் தெரிஞ்சுக்கிட்டா கிளிஃபோட சத்தம் திடீர்னு வானத்துலருந்து குதிக்கலைன்னு புரியும்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த நண்பர்கள் ஜிம் மார்ட்டினும் மைக் போர்டினும். ரெண்டு பேரும் பின்னாளில் ஃபெய்த் நோ மோர் என்ற பேண்டில் பிரபலமானார்கள். ஒரே ஊர்ப் பசங்க, யோசிச்சுப் பாருங்க. ஜிம்முடன் சேர்ந்து 'ஏஜென்ட்ஸ் ஆஃப் மிஸ்ஃபார்ச்சூன்' என்று ஒரு பேண்ட் நடத்தினார். அந்த ஊரின் பேண்ட் போட்டி ஒன்றுக்கு அவர்கள் வாசித்துக் காட்டியதன் வீடியோ இன்றும் இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்க. நம்ம காலேஜ் ஆடிஷன் மாதிரியேதான் இருக்கும். ஆனா அதில் கிளிஃப் வாசிக்கிற துண்டுகளில் ரெண்டு, சில வருஷம் கழித்து மெட்டாலிக்கா பாட்டுகளில் வந்தன. அதாவது பேண்ட் கிடைப்பதற்கு முன்னாலேயே அவருக்கு என்ன சத்தம் வேணும்னு தெரிஞ்சிருக்கு.

பள்ளி முடிந்து சபோ காலேஜில் கொஞ்ச காலம் இசை படித்தார். அப்புறம் வீட்டில் ஒரு ஒப்பந்தம் நடந்தது. இசைதான் தொழில் என்று அவர் சொன்னதும் பெற்றோர் கத்தவில்லை, அழவில்லை. நாலு வருஷம் வாடகையும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதற்குள் முன்னேற்றம் தெரியணும், இல்லையென்றால் ஒரு வேலை தேடிக்கொள்ளணும் என்று பேசி முடித்தார்கள். நாலு வருஷம்! நமக்கும் நம்ம வீட்ல அதே நாலு வருஷம்தான் குடுத்திருக்காங்க, வேற சப்ஜெக்ட்டுக்கு. இதைப் படிச்சப்போ ப்ளேஸ்மென்ட் டிரைவுக்கு ஃபார்மல் சட்டை அயர்ன் பண்ணிட்டு இருந்தேன். சட்டையை அப்படியே வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து அவர் சேர்ந்தது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து பேண்டான டிராமாவில். 1982ல் டிராமா, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விஸ்கி எ கோ கோ கிளப்பில் வாசிக்க வந்தது. கூட்டத்தில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் லார்ஸ் உல்ரிக்கும் நின்றிருந்தார்கள். மெட்டாலிக்கா என்ற பேரில் பேண்ட் ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மேடையிலிருந்து ஒரு காட்டுத்தனமான சோலோ வந்ததும் எந்த கிதாரிஸ்ட் இது என்று தேடினார்கள். சிவந்த முடியை விசிறிக்கொண்டு, கால் ஒரு வா-வா பெடலில், கையில் பாஸோடு ஒருத்தர். அப்போ மெட்டாலிக்காவில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் ரான் மெக்கவ்னி. அவர் நிலைமையை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு, ஆனா கதை அந்தப் பக்கம் போகலை.

அழைப்பு வந்ததும் கிளிஃப் ஓடிப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. டிராமா கமர்ஷியலா மாறிட்டு வருது என்ற அலுப்பு வந்த பிறகுதான் சம்மதித்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. நான் லாஸ் ஏஞ்சலிஸ் வரமாட்டேன், வேணும்னா பேண்ட் எங்க ஊர்ப் பக்கம் வரட்டும். ஒரு பாஸிஸ்டுக்காக மொத்த பேண்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறியது. 1983 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் த ஸ்டோன் என்ற கிளப்பில் கிளிஃப் மெட்டாலிக்காவோடு முதல் தடவை மேடை ஏறினார். அடுத்த மாதமே நியூயார்க்கில் கிதாரிஸ்ட் டேவ் மஸ்டெய்னை அனுப்பிவிட்டு கர்க் ஹேமட்டைக் கொண்டுவந்தார்கள். மே மாதம் ராச்சஸ்டர் நகரில் முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு. 'கில் எம் ஆல்' ஜூலையில் வெளியானது.

அந்த ஆல்பத்தில் அஞ்சாவது டிராக் 'அனஸ்தீஷியா'. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. ஆரம்பத்தில் ஒலிப்பதிவாளரின் குரல் இது பாஸ் சோலோ, முதல் டேக் என்று அறிவிக்கும். உங்களுக்கு அந்த அறிவிப்பு தேவைப்படும், ஏன்னா அது இல்லைன்னா பாஸ்னு கண்டுபிடிக்க மாட்டீங்க. கிதார் மாதிரி டிஸ்டார்ஷன், பாக் மாதிரி அடுக்கடுக்காக ஏறி இறங்குற ஸ்வரங்கள், நடுநடுவே வா-வா வாய் திறந்து மூடுது. பாதிக்கு மேல் லார்ஸ் டிரம்ஸோடு வந்து சேர்ந்துகொள்வார். முதல் ஆல்பம் போடுகிற ஒரு மெட்டல் பேண்ட், நாலு நிமிஷத்துக்கு மேல் பாஸிஸ்டுக்குத் தனியா எழுதிக் குடுத்திருக்கு. இன்னிக்கும் எந்த பேண்ட் அதைச் செய்யும்?

சரி, இப்போ அவர் காலடிக்கு வருவோம். கிளிஃபின் முக்கியமான ஆயுதங்களை ஒரே கைல எண்ணிடலாம். ரிக்கன்பேக்கர் 4001 என்ற பாஸ், பிக்கப்களை மாற்றிப் பொருத்தியது. பிறகு அரியா ப்ரோ கம்பெனியின் எஸ்பி-1000. ஒரு பிக் மஃப் ஃபஸ். அப்புறம் மோர்லி கம்பெனியின் பவர் வா ஃபஸ். இந்தக் கடைசிப் பொருளைக் கவனிங்க. ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள வா-வாவும் ஃபஸ்ஸும் சேர்ந்தே இருக்கும். அந்தக் காலத்து மல்ட்டி-எஃபெக்ட்ஸ்னே சொல்லலாம். மல்ட்டின்னா ரெண்டு, அவ்வளவுதான்.

மோர்லி என்ற பேரே ஒரு கடி ஜோக். ஆர்கனோடு சேர்த்து வைக்கிற சுழலும் ஸ்பீக்கர் ஒன்றின் பேர் லெஸ்லி. அதில் லெஸ் என்றால் குறைவு, எங்களுடையது அதிகம் என்று மோர் போட்டுக்கொண்டார்கள். எஞ்சினியரிங் படிச்சவங்க பேர் வச்சா இப்படித்தான் இருக்கும்.

உள்ளே இருக்கிற ஐடியா ஜோக் கிடையாது, அழகானது. சாதாரண வா-வாவில் நீங்கள் மிதிக்கும்போது ஒரு பொட்டென்ஷியோமீட்டர் சுற்றும். நாளடைவில் அது தேய்ந்து கரகரவென்று சத்தம் போடும். மோர்லியில் மிதிபலகைக்குக் கீழே ஒரு சின்ன விளக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிற ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். மிதிக்க மிதிக்க நடுவில் இருக்கிற மறைப்பு நகர்ந்து வெளிச்சம் கூடும், குறையும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. எல்டிஆர் வச்சு ஃபர்ஸ்ட் இயர்ல நாம செஞ்ச தெருவிளக்கு ப்ராஜெக்ட்டுக்கும் இதுக்கும் ஒரே பாகம்தான். நாம அதை வச்சு எல்இடி எரிய விட்டோம்.

இனி நான் மேடையில் காணாமல் போன விஷயம். நாலு கம்பி பாஸின் அடிக்கம்பி, அதாவது ஈ, கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ். மேல்கம்பியான ஜீ 98 ஹெர்ட்ஸ். வா-வா என்பது ஒரு ஃபில்டரின் முகட்டைக் கீழேயிருந்து மேலே இழுப்பது. கிதாருக்கான வா-வாவில் அந்த முகடு ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸில் தொடங்கி 2000 பக்கம் போகும். 41ஐப் பத்தால் பெருக்குங்க. ஈ கம்பியின் பத்தாவது ஹார்மோனிக்குக்கிட்டதான் வா-வா வேலையையே ஆரம்பிக்குது! விரலால் மெதுவா வாசிச்ச சுத்தமான பாஸ் சத்தத்தில் அந்த உயரத்தில் பெரிசா எதுவும் இருக்காது. வெறும் காத்தை ஃபில்டர் பண்ணிட்டு இருப்பீங்க, அடித்தளமும் போயிடும்.

இங்கேதான் ஃபஸ் வருது. ஃபஸ் சிக்னலின் தலையை வெட்டிச் சதுரமாக்குகிறது. சதுர அலையில் ஹார்மோனிக்ஸ் கொட்டிக் கிடக்கும்னு மேத்ஸ் பேப்பர்ல ஃபூரியே சீரிஸ் போட்டப்பவே பார்த்தோம். அப்போ அது எதுக்குன்னு தெரியாம பதிமூணு மார்க்குக்காகப் போட்டோம். ஃபஸ் ஹார்மோனிக்ஸை உண்டாக்கித் தருது, வா-வா அதைக் கடிச்சு மெல்லுது. ரெண்டும் சேர்ந்தாதான் பாஸ் பேசும். கிளிஃப் இந்த ரெண்டையும் ஒரே பெட்டியில் எடுத்தது ஃபேஷனுக்காக இல்லை, அவர் வாசிக்க நினைச்சதுக்கு அந்த ரெண்டும்தான் வேணும்.

இதில் ஒரு விலை இருக்கு. பல ஃபஸ்கள் நடு அலைவரிசையைக் குடைஞ்சு எடுத்துடும், பிக் மஃப் அதுக்குப் பேர் போனது. மேடையில் ரெண்டு டிஸ்டார்ஷன் கிதார் பக்கத்தில் நிற்கும்போது உங்க ஃபஸ்ஸும் அதே இடத்தில் போய் நின்னா யாருக்கும் நீங்க கேட்க மாட்டீங்க. எனக்கு நடந்தது அதுதான். கிளிஃப் எப்போ ஃபஸ்ஸை மிதிச்சார்னு கவனிச்சா ஒரு விஷயம் புலப்படும்: தனி சோலோவில், பாட்டின் வாசலில், கிதார்கள் ஒதுங்கி இடம் விட்ட நேரத்தில். ரிதமோடு போகும்போது விரலும் ஆம்ப்பும் மட்டும்தான் பெரும்பாலும் பேசும்.

அதனால நீங்க கடைக்குப் போறப்போ எத்தனை எஃபெக்ட்னு கேட்காதீங்க. ஃபஸ்ஸோடு சுத்தமான சத்தத்தையும் கலந்துக்க ஒரு பிளெண்ட் இருக்கான்னு பாருங்க. பாஸுக்குன்னே செய்த யூனிட்களில் பெரும்பாலும் இருக்கும். நான் கடன் வாங்கிட்டுப் போன கிதார் யூனிட்ல இல்ல. ரெண்டாவது, காலால் மிதிக்க ஒரு பலகை இருக்கான்னு பாருங்க. ஜூம் பி1 ஃபோரில் கிடையாது, அதே குடும்பத்து பி1எக்ஸ் ஃபோரில் உண்டு. பாஸ் கம்பெனியின் ஜிடி-1பியில் உண்டு. லைன் சிக்ஸ் எச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் தனியா வாங்கி மாட்டணும், ஆனா சிக்னலை ரெண்டு வழியாப் பிரிச்சு ஒண்ணைச் சுத்தமாவே விடலாம். ஹெட்ஃபோன்ல சோதிக்காதீங்க, முடிஞ்சா டிரம்மரையும் ஒரு கிதாரிஸ்டையும் கூட்டிட்டுப் போங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல.

கிளிஃப் கதைக்கு வருவோம். 1984 ஜனவரியில் பாஸ்டன் நகரில் பேண்டின் கருவிகள் திருடுபோயின. கையில் காசும் இல்லை. அந்த நிலைமையில்தான் டென்மார்க்கின் கோபன்ஹேகன் போய் ரெண்டாவது ஆல்பத்தை முடித்தார்கள். 'ரைடு த லைட்னிங்' ஆல்பத்தில் இருக்கிற எட்டுப் பாட்டில் ஆறில் எழுதியவர்கள் வரிசையில் கிளிஃப் பேர் இருக்கு. பேண்டுக்கு ஸ்வரசேர்க்கை, இசைக்கோட்பாடு எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்ததும் அவரே. அதிலிருந்து வந்ததுதான் கடைசி டிராக்கின் பேர்.

அதே ஆல்பத்தில் 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' இருக்கு. மணி அடிக்கும், கிதார் ரிதம் கிளம்பும், அதுக்கு மேல ஒரு மெட்டு படிப்படியா வழுக்கி இறங்கும். எனக்குத் தெரிஞ்ச கிதாரிஸ்ட் பசங்க பாதிப்பேர் அதை கிதார்னு நினைச்சு கிதார்லயே கத்துக்கிட்டாங்க. அது பாஸ். டிஸ்டார்ஷன் போட்ட பாஸ். அந்த பேண்ட் போட்டி வீடியோவில் அவர் வாசித்த ரெண்டு துண்டுகளில் ஒன்று இது. இன்னொன்று 'அனஸ்தீஷியா'.

ஆள் எப்படி இருப்பார்னு கேட்டா, மெட்டல் உலகமே ஒட்டின மாதிரி ஜீன்ஸ் போட்டுக்கிட்டு இருந்த காலத்தில் இவர் பழைய பெல்பாட்டமும் ஜீன்ஸ் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கிண்டல் பண்ணினார்கள், மாறவில்லை. வேன் பயணத்தில் பாக் கேட்பார், மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் பேண்டைக் கேட்பார், ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை.

1985 ஆகஸ்ட் 31 அன்று ஓக்லாண்ட் மைதானத்தில் நடந்த பெரிய விழாவில் அவர் வாசித்த சோலோவின் பதிவு 'கிளிஃப் எம் ஆல்' என்ற வீடியோவில் இருக்கு. வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் கூட்டம், தலையைச் சுழற்றிக்கொண்டு ஒருத்தர், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே.

1986 மார்ச் 3 அன்று 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வெளியானது. அதில் 'ஓரியன்' என்று எட்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பாடலில்லா இசை. தொடக்கத்தில் தூரத்திலிருந்து அலை மாதிரி எழும்பி வருகிற சத்தம், எஃபெக்ட்டில் முக்கி எடுத்த பாஸ். பாதியில் எல்லாரும் நின்றுவிடுவார்கள், பாஸ் மட்டும் தனியா நடக்க ஆரம்பிக்கும், நிதானமா. அந்த நடுப்பகுதி கிளிஃப் எழுதினது. கொஞ்ச நேரம் கழிச்சு கிதார்கள் ஒவ்வொண்ணா வந்து அந்த பாஸ் மேல ஏறி உட்காரும். கீழே போகிற மெட்டு வேலைக்காரன் இல்லைன்னு மேல சொன்னேனே, அதை நீங்க காதால கேட்கணும்னா இந்த ரெண்டு நிமிஷம் போதும். இந்தப் பகுதியில் ஃபஸ்ஸும் இல்லை, வா-வாவும் இல்லை.

அந்த வருஷம் ஆஸி ஆஸ்போர்னுக்கு முன்னால் வாசிக்கும் பேண்டாக அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். பிறகு ஐரோப்பா. செப்டம்பர் 26 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் கச்சேரி முடித்து, ராத்திரியோடு ராத்திரியாக கோபன்ஹேகன் நோக்கி பஸ்ஸில் கிளம்பினார்கள். படுக்க எந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்தார்கள். கிளிஃபுக்கு வந்தது ஸ்பேட் ஏஸ். அதுவரை கர்க் ஹேமட் படுத்துக்கொண்டிருந்த, ஜன்னலை ஒட்டிய படுக்கையை அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெற்கு ஸ்வீடனில் டோராப் என்ற கிராமத்தருகே பஸ் சாலையிலிருந்து சறுக்கிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்ட கிளிஃப் மேல் பஸ் விழுந்தது. மற்ற மூன்று பேரும் பெரிய காயமில்லாமல் தப்பினார்கள். சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்ததாக டிரைவர் சொன்னார். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்தக் குளிரில் சாலை நெடுக நடந்து பனியைத் தேடினார், ஒன்றையும் காணவில்லை. டிரைவர் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை.

ரே, ஜேன் தம்பதிக்கு இது ரெண்டாவது மகன்.

இறுதிச் சடங்கில் 'ஓரியன்' ஒலிக்கவிடப்பட்டது. அக்டோபரிலேயே ஜேசன் நியூஸ்டெட் என்ற புது பாஸிஸ்டை எடுத்தார்கள். 1988ல் வந்த அடுத்த ஆல்பத்தில் கிளிஃப் விட்டுப்போன துண்டுகளை வைத்து ஒரு பாட்டு உண்டு. ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க, பாஸ் கிட்டத்தட்ட காதிலேயே விழாது, மிக்ஸிங்கில் அந்த அளவுக்கு இறக்கிவிட்டார்கள். ஜேசன் மேல் தப்பில்லை, அவர் வாசித்திருக்கிறார். துக்கம்தான் காரணம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது சரியான சமாதானமாத் தெரியல. போனவருக்காகப் புதுசா வந்தவரை ஊமையாக்கினது அநியாயம்.

மெட்டாலிக்கா 'ஓரியன்' முழுவதையும் மேடையில் வாசிக்க 2006 வரை ஆனது. இருபது வருஷம். கிளிஃப் பகுதியை வாசித்தவர் இப்போதைய பாஸிஸ்ட் ராபர்ட் ட்ருஹியோ. அதே வருஷம் விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2009ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தபோது கிளிஃபுக்கான மரியாதையை வாங்கிக்கொள்ள மேடை ஏறியவர் அப்பா ரே. 2020ல் இறக்கும் வரை அவர் ரசிகர்களைச் சந்தித்துக்கொண்டே இருந்தார். மகனின் பாட்டுகளிலிருந்து வந்த ராயல்டியை, மகன் படித்த காஸ்ட்ரோ வேலி பள்ளியின் இசை மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று 2017ல்தான் வெளியில் தெரிந்தது. வாடகையும் சாப்பாடும் நாங்க பார்த்துக்கிறோம்னு சொன்ன அதே மனுஷன்.

2021ல் மோர்லி கம்பெனி கிளிஃப் பேரில் ஒரு பெடல் வெளியிட்டது. ஃபஸ்ஸும் வா-வாவும், ஒரே பெட்டி. அதன் விலைக்கு நம்மூரில் நல்ல மல்ட்டி-எஃபெக்ட்ஸே வாங்கிடலாம், அதனால நான் வாங்கலை. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பாஸ் யூனிட் எடுத்தேன், மிதிபலகை உண்டு, பிளெண்ட் உண்டு. வந்த அன்னிக்கே உள்ளே இருந்த ஃபேக்டரி பேட்ச் எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு மூணே மூணு பேட்ச் வச்சுக்கிட்டேன்: சுத்தமான சத்தம் ஒண்ணு, ஃபஸ் ஒண்ணு, ஃபஸ்ஸோட வா-வா ஒண்ணு. 'ஓரியன்' நடுப்பகுதி இன்னும் கைக்கு வரலை. அதுக்கு வேணும்கிறது முதல் பேட்ச்தான்.